எழுத்தெண்ணும் எந்திரம்: நிரலகத் தேர்வு குறித்துச் சில எண்ணங்கள்

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால் பள்ளி மாணவனும் மூன்று என்பான். பைத்தான் மொழியிடம் கேட்டால் ஐந்து என்கிறது. அதே சொல்லை யுடிஎஃப்-8 வடிவில் ஸி மொழியின் நீளமளக்கும் செயற்கூற்றிடம் கொடுத்தால் 15 என்று விடை வருகிறது. மூவரும் அவரவர் கணக்கில் சரியாகவே சொல்கிறார்கள். ஸி எண்ணுவது பைட்டுகளை. ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறியும் அங்கே மூன்று பைட். பைத்தான் எண்ணுவது ஒருங்குறியின் குறியெண்களை. 'மி' அதற்கு மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ழ்' ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. தொல்காப்பியர் வழி வந்தவர்கள் எண்ணுவது எழுத்தை. இம்மூன்று கணக்குகளும் ஒன்றோடொன்று உரசும் இடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நாவலும் கவிதையும் பேசும் நண்பர்கள் கூடும் இடத்தில் நிரலகங்களைப் பற்றிப் பேசுவது பந்தியில் உட்கார்ந்து அடுப்பு மூட்டும் கதையைச் சொல்வது போலத்தான். ஆயினும் சொல்லடைவு, யாப்பாய்வு, பாடவேறுபாட்டு ஒப்பீடு, பழைய நூல்களை மின்வடிவாக்கல் என்று நம் துறையின் வேலைகள் பலவும் இன்று கணினியின் வழியாகவே நடக்கின்றன. வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டது 1962இல். இன்று அந்த வேலைக்கு ஒரு மாணவன் மதுரைத் திட்டத்தின் கோப்பை இறக்கிக்கொண்டு ஐம்பது வரி நிரல் எழுதுகிறான். அந்த ஐம்பது வரிக்கு அடியில் எந்த நிரலகம் ஓடுகிறது என்பதை அவனும் பார்ப்பதில்லை, அவனுக்கு மதிப்பெண் போடும் நாமும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

சற்றே பின்னணி சொல்லிவிடுகிறேன். பைத்தான், பெர்ல், டிசிஎல், லுவா போன்றவற்றை ஸ்கிரிப்டிங் மொழிகள் என்பர். எழுதுவது எளிது, ஓடுவது மெதுவாக. ஸி, ஸி++ போன்றவற்றில் எழுதியதைக் கம்பைலர் எந்திரமொழிக்கு மாற்றிவிடும். எழுதுவது கடினம், ஓட்டம் வேகம். இரண்டையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் பழையது. டிசிஎல் மொழியைப் படைத்த ஜான் அவுஸ்டர்ஹவுட் 1998இல் எழுதிய கட்டுரையில் இதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார்: பாகங்களைச் செய்ய ஒரு மொழி, பாகங்களை ஒட்ட ஒரு மொழி. 1991இல் வெளிவந்த பைத்தானே பெரும்பாலும் ஸி மொழியில் எழுதப்பட்டதுதான். எங்கள் ரிஷிவந்தியத்தில் அர்த்தநாரீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். ஒரே திருமேனியில் இரு பாகம். மாணவர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியிருக்கவில்லை. திருமேனியில் இரு பாகமும் சேரும் கோடு தெரியாது. மென்பொருளில் அந்தக் கோட்டில்தான் எல்லாச் சிக்கலும் வந்து நிற்கும்.

இந்த ஒட்டுவேலைக்கென்றே கருவிகள் பல உண்டு. 1990களில் டேவிட் பீஸ்லி செய்த ஸ்விக். பைரெக்ஸ் என்னும் மூத்ததிலிருந்து 2007இல் பிரிந்து வளர்ந்த சைத்தான். 2006 முதல் பைத்தானோடு சேர்ந்தே வரும் ஸிடைப்ஸ். ஸி++ நிரல்களுக்கென 2015இல் வந்த பைபைண்ட்11. இவற்றுள் எது சிறந்தது என்று பொறியியல் படித்தவர்கள் நெடுநேரம் வாதிடுவார்கள். தமிழாசிரியனுக்கு அந்த வாதம் அவ்வளவு முக்கியமன்று. நாம் பெரும்பாலும் ஒட்டுபவர்கள் அல்லர். பிறர் ஒட்டிவைத்ததை எடுத்துப் பயன்படுத்துபவர்கள். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதற்கேள்வி, இது வேண்டுமா என்பது. கணினி படித்த இளைஞர்களுக்கு வேகத்தின்மேல் ஒரு மோகம் உண்டு. சங்க இலக்கியம் முழுமையும், எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சேர்த்து 2381 பாடல்கள், ஒருங்குறியில் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்று ஒரு கைப்பேசிப் படத்தின் எடை அது. திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் சீர் சீராகப் பிரித்து எண்ண, வெறும் பைத்தானே கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். இதற்குப் போய் ஸி++ நிரலகம் ஒன்றைத் தேடி, அதைத் தொகுக்கக் கம்பைலர் நிறுவி, அது கேட்கும் வேறு நான்கு நிரலகங்களைத் தேடி ஒரு வாரத்தைக் கழிப்பது கரும்பு ஒரு கட்டு வெட்ட ஆலை கட்டுவது போன்றது. (எங்கள் பக்கம் கரும்பு விளையும் பூமி. உவமையைப் பொறுத்தருள்க.)

அப்படியானால் தொகுக்கப்பட்ட நிரல் நமக்குத் தேவையே இல்லையா என்றால், அதுவும் இல்லை. வேகத்திற்காக அன்று, சரியாக இருப்பதற்காக. இது பலர் எதிர்பாராத இடம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பைத்தானோடு வரும் 'ஆர்இ' என்னும் கூறு, உரையில் ஓர் அமைப்பைத் தேடித் தருவது. அதன் உள்ளெந்திரம் ஸி மொழியில் எழுதப்பட்டது. 'சொல்லுக்குரிய எழுத்து' என்றொரு வகையை அது வைத்திருக்கிறது. அவ்வகை எழுத்துகள் தொடர்ந்து வருவதைப் பிடித்தால் ஒரு சொல் கிடைத்துவிடும் என்பது எண்ணம். ஆங்கிலத்துக்குக் கிடைக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டுகள் வரும். இகரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தல்ல. ஆகவே சொல் அங்கே முடிந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்கிறது. உயிர்மெய்யையும் ஒற்றையும் சொல்லின் எல்லை என்று கருதும் ஓர் எந்திரத்தைக் கொண்டு தமிழில் சொல்லடைவு செய்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்திய மொழிகளைப் பாதிக்கும் இக்குறை 2011இலேயே பைத்தான் குழுவிடம் முறையிடப்பட்டது. இன்று எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பதிப்பிலும் அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு மாற்றாக மாத்யூ பார்னெட் எழுதிய 'ரீஜெக்ஸ்' என்னும் திறமூல நிரலகம் இருக்கிறது. அதுவும் ஸி மொழியில் எழுதிப் பைத்தானுக்கு நீட்டிப்பாகச் சேர்க்கப்பட்டதுதான். ஆனால் அது ஒருங்குறியின் சொல்வரையறையைப் பின்பற்றுகிறது. தமிழ் தமிழாகவே வெளிவருகிறது. அதோடு, கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவதை ஓரலகாகப் பிடிக்கும் வசதியும் அதில் உண்டு, 'மி' பிளவுபடாது. இரண்டின் வேகத்தையும் ஒப்பிட்டு அட்டவணை போட்ட எத்தனையோ பேரை இணையத்தில் காணலாம். இவற்றுள் எதற்குத் தமிழில் ஒரு சொல் எங்கே முடியும் என்று தெரிந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. நிரலகம் ஒன்றைத் தேர்வதற்கு முன் அதனிடம் 'தமிழ்' என்ற ஒரே சொல்லைக் கொடுத்துச் சோதியுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. பிறகு 'கொ' என்பதைக் கொடுக்கச் சொல்வேன். ஒருங்குறியில் அதை ககரமும் ஒகரக் குறியுமாகவும் எழுதலாம், ககரமும் எகரக் கொம்பும் காலுமாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இவற்றை ஒன்றாக்கும் 'யுனிகோட்டேட்டா' என்னும் கூறு பைத்தானோடு ஏற்கெனவே வருகிறது. அதுவும் தொகுக்கப்பட்ட ஸி நிரல்தான். வெளியே எதையும் தேட வேண்டியதில்லை. ஸ்ரீ மட்டும் அடங்காது. ஸகரத்தை வைத்து எழுதிய பழைய ஸ்ரீயும், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தை வைத்து எழுதிய ஶ்ரீயும் எந்த நிரலகத்துக்கும் இரு வேறு சொற்களே. அதை நாமே ஒரு வரி எழுதிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டியும் ழகரம் வகரத்துக்கு முன்னும் அமர்ந்திருக்கின்றன. குறியெண் வரிசைப்படி அடுக்கினால் 'மனம்' முன்னும் 'மரம்' பின்னும் வரும். நம் அகராதி வரிசைக்கு இது நேர்மாறு. இதைத் தீர்க்க இருவழி. ஒன்று, ஐபிஎம் நிறுவனத்தில் வளர்ந்து 2016 முதல் ஒருங்குறிச் சேர்த்தியத்தின் பொறுப்பில் இருக்கும் ஐசியு நிரலகம். பைஐசியு என்னும் இணைப்பின் வழியாக அதைப் பைத்தானிலிருந்து அழைக்கலாம். உலகின் நூற்றுக்கணக்கான மொழிகளின் வரிசைமுறைகள் அதற்குத் தெரியும். தமிழும் அவற்றுள் ஒன்று. மற்றொன்று, முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ். இது முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டது. எம்ஐடி உரிமத்தில் கிடைப்பது. (எழில் என்னும் தமிழ் நிரல்மொழியைப் பற்றி 2009இல் கட்டுரை வெளியிட்டவரும் இவரே.) எழுத்தாகப் பிரிக்கவும், தமிழ் வரிசையில் அடுக்கவும் அதில் செயற்கூறுகள் உள்ளன.

நான் ஓப்பன்-தமிழைத் தேர்வேன். ஐசியு பெரிய கடல். அது செய்வதை நம்ப வேண்டுமே ஒழிய எங்கள் மாணவன் திறந்து படித்துவிட முடியாது. ஓப்பன்-தமிழில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் பட்டியலாகக் கண்முன் நிற்கின்றன. கட்டளைக் கலித்துறைக்கு ஒற்று நீக்கி எண்ண வேண்டும். நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. இதைச் சோதிக்கும் நிரல் ஒன்றை மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி அதன் துணையோடு ஒரு பிற்பகலில் எழுதி முடித்தாள். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். கணினியைத் தொட்டதே கல்லூரிக்கு வந்தபின்தான். யாப்பு தெரிந்திருந்ததால் நிரல் வசப்பட்டது. நிரல் தெரிந்து யாப்பு தெரியாத பொறியாளர் எழுதியிருந்தால் ஒற்றையும் சேர்த்து எண்ணியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை!

தொகுக்கப்பட்ட நிரல் இல்லாமல் முடியவே முடியாத வேலைகளும் உண்டு. பழைய நூலின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் ஓசிஆர் அத்தகையது. கையில் இருக்கும் திறமூலக் கருவிகளில் முதன்மையானது டெசராக்ட். ஹியூலெட்-பாக்கார்ட் நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, உறங்கிக் கிடந்து, 2005இல் திறமூலமாக்கப்பட்டது; அடுத்த ஆண்டு முதல் கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பு நரம்புவலை நுட்பத்துக்கு மாறியது. தமிழுக்கான பயிற்சிக் கோப்பும் உண்டு. எழுதப்பட்டது ஸி++ மொழியில். பைத்தானிலிருந்து அதை அழைக்கப் பலரும் நாடும் இணைப்புகள் இரண்டு: பைடெசராக்ட், டெசராஓசிஆர்.

முன்னது வாசலில் நின்று அழைப்பது. ஒவ்வொரு பக்கத்துக்கும் டெசராக்ட் நிரலைத் தனியே எழுப்பி, வேலை வாங்கி, அனுப்பிவிடும். 300 பக்க நூலென்றால் 300 முறை எழுப்பி, 300 முறை தமிழ்ப் பயிற்சிக் கோப்பை ஏற்ற வேண்டும். பின்னது வீட்டுக்குள்ளேயே குடிவைத்துக்கொள்வது. சைத்தான் துணையுடன் ஸி++ நிரலகத்தைப் பைத்தானின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றி, ஒருமுறை எழுப்பினால் 300 பக்கமும் பார்த்துவிடும். எது சிறந்தது என்றால் யாரும் பின்னதையே சொல்வர். ஆனால் உள்ளே குடியிருப்பவர் மயங்கி விழுந்தால் வீடே சேர்ந்து விழும். ஸி++ பகுதியில் ஒரு பிழை நேர்ந்தால் பைத்தானும் சேர்ந்து சரிந்துவிடும். 212ஆம் பக்கத்துச் செல்லரித்த படம் ஒன்று முழு இரவின் ஓட்டத்தையும் நிறுத்திவிடக்கூடும். வாசலில் நிற்பவர் விழுந்தால் பைத்தானுக்குச் சேதமில்லை. பிழைச்செய்தியைக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். மேலும் பின்னதை மூலத்திலிருந்து தொகுக்க நேர்ந்தால் கம்பைலரும், டெசராக்ட், லெப்டோனிகா ஆகியவற்றின் மேம்பாட்டுக் கோப்புகளும் வேண்டும். எங்கள் ஆய்வகத்து எந்திரங்களோ தம் பணிக்காலத்தை முடித்து ஓய்வூதியம் கேட்கும் நிலையில் உள்ளவை. நாங்கள் வாசலில் நிற்பவரையே வைத்துக்கொண்டோம். இரவு ஓடவிட்டுக் காலையில் பார்ப்பவனுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலானால் என்ன? நாளொன்றுக்குப் பல்லாயிரம் பக்கம் பார்க்கும் நிறுவனம் டெசராஓசிஆரைத் தேர்ந்தால் அதுவும் முறையே.

உரிமம் என்று ஒன்று இருக்கிறது. தமிழ்த்துறைகளில் இதைப் பேசினால் கொட்டாவி வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் பெருஞ்செலவில் செய்து விழா எடுத்து வெளியிட்ட இலக்கியக் குறுந்தகடு ஒன்று என் மேசையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். உள்ளே நல்ல உழைப்பு. தமிழறிஞர் பலர் மெய்ப்பு பார்த்த பாடம். ஆனால் எழுத்துருவும் குறியேற்றமும் தேடுபொறியும் அந்நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த பூட்டுகள். இன்றைய விண்டோஸில் அது திறக்கவில்லை. கேட்டபோது, செய்து கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டதாகப் பதில் வந்தது. அவ்வறிஞர்களின் உழைப்பு ஒரு வட்டத் தகட்டில் அடங்கிக் கிடக்கிறது. கறையான் அரித்த சுவடியிலாவது சில வரிகள் மிஞ்சும்.

திறமூலம் என்றால் எல்லாம் ஒன்றே என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரு நிரலகம் ஜிபிஎல் உரிமத்தில் இருந்து, அதை உங்கள் நிரலோடு பிணைத்து வெளியிட்டால், உங்கள் நிரலையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டியிருக்கும். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்கள் அவ்வாறு கேட்பதில்லை. பதிப்பகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் நண்பர்கள் இதைத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், பல்கலைக்கழக மானியத்தில், மக்கள் வரிப்பணத்தில் செய்யும் தமிழ்க்கருவிகள் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதே பொருத்தம் என்பேன். இதில் கருத்து மாறுபடுவோர் பலர், பின்னூட்டத்தில் வரட்டும்.

நிரலகத்தில் ஆள் இருக்கிறார்களா என்பதும் கேள்வி. 2008இல் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வந்தபோது உரை என்பதன் உள்ளமைப்பே மாறியது. பைட் வேறு, ஒருங்குறி உரை வேறு என்று பிரிந்தன. தமிழுக்கு அது பெருநன்மை. ஆனால் ஸி மொழியில் எழுதப்பட்டிருந்த நீட்டிப்புகள் ஒவ்வொன்றையும் யாரேனும் உட்கார்ந்து திருத்தினால்தான் புதியதில் ஓடும். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிந்தது. திருத்த ஆளில்லாத நீட்டிப்புகள் அப்படியே நின்றுபோயின. பைத்தானிலேயே எழுதியவை சிறு திருத்தங்களோடு பிழைத்தன. கடைசியாக எப்போது தொட்டார்கள், முறையீட்டுக்குப் பதில் வருகிறதா, ஒருவர் மட்டுமே சுமக்கிறாரா என்று பார்த்துவிட்டு நிரலகத்தைத் தொடுவது, பெண் கொடுக்கும் வீட்டை விசாரிப்பது போல. வேகத்தைப் பற்றிய அட்டவணைகள் இதையெல்லாம் சொல்வதில்லை.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் எழுப்பும் வாதத்தைத் தவிர்க்க முடியாது. ஏன் பிறர் நிரலகத்தை அண்டி நிற்க வேண்டும், தமிழுக்கென்று எல்லாவற்றையும் அடியிலிருந்து நாமே செய்துகொள்ளலாமே என்பது அது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறியெண். 'தமிழ்' அங்கே உண்மையாகவே மூன்று. நான் மேலே புலம்பிய பாதிச் சிக்கல் அதில் இல்லை. இலக்கணம் படித்தவன் என்ற முறையில் அதன் அழகு எனக்குப் புரிகிறது. ஆனால் அது அமர்ந்திருப்பது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில். ரீஜெக்ஸோ ஐசியுவோ டெசராக்டோ அதை எழுத்தென்று அறியா. அந்த அழகுக்காக உலகம் இலவசமாகப் பராமரிக்கும் எல்லா நிரலகங்களையும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் நாமே செய்து நாமே காக்க வேண்டும். காக்கும் ஆட்களுக்கு நாம் எங்கே போவது? அந்தக் குறுந்தகடு என் மேசையில்தான் இருக்கிறது.

எனினும் எல்லாவற்றுக்கும் பொதுக்கருவி போதும் என்றும் சொல்ல மாட்டேன். சொற்பிழை திருத்த உலகம் முழுக்கப் பயன்படும் ஹன்ஸ்பெல், ஹங்கேரிய மொழிக்கென்று பிறந்தது. விகுதிமேல் விகுதி ஏறும் ஒட்டுநிலை மொழி அது. நமக்கு உறவுபோலத் தோன்றும். ஆனால் ஹன்ஸ்பெல் உரிக்கும் விகுதியடுக்கு இரண்டே. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லை அதனிடம் கொடுத்தால் இரண்டு தோலை உரித்துவிட்டு நிற்கும். இதற்கு வேறு எந்திரம் வேண்டும். மான்ஸ் ஹுல்டன் ஸி மொழியில் எழுதிய ஃபோமா அத்தகையது. எத்தனை அடுக்கானாலும் விதிகளைச் சங்கிலியாகக் கோத்து ஒரே எந்திரமாக்கித் தரும். அதன்மேல்தான் இலங்கையைச் சேர்ந்த க. சர்வேஸ்வரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழிமார்ஃப் என்னும் உருபனியல் பகுப்பியைக் கட்டி 2021இல் கட்டுரையாக வெளியிட்டனர். எந்திரம் பொது, விதிகள் தமிழ். வேலைப்பிரிவினை இப்படி இருப்பதே சரி என்பது என் எண்ணம்.

ஃபோமாவைப் பைத்தானோடு இணைக்கும் கோப்பு ஸிடைப்ஸ் கொண்டு எழுதப்பட்டது. நீளமானதன்று, தனியே கம்பைலரும் கேட்பதில்லை. இந்தப் பருவத்தில் விருப்பமுள்ள நான்கு மாணவர்களோடு சனிக்கிழமைகளில் அதை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நன்னூலின் பதவியலைத் திறந்து வைத்திருக்கிறோம். இப்போது சாரியையில் நிற்கிறோம்.